ஒரே சமையல், நாலு நாக்கு! அடம்பிடிக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஐந்து இரவு உணவுகள்

இரவு எட்டு மணி. சின்னவளுக்கு முறுகல் தோசை வேண்டும். சட்னி ஆகாது, சர்க்கரைதான். பெரியவனுக்கு தோசையே வேண்டாம், நூடுல்ஸ் வேண்டும். தாத்தாவுக்கு இரவில் எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, ரெண்டு இட்லி போதும். வேலை முடிந்து வரும் அப்பாவுக்கு ஒரு வாய் ரசம் சாதம் இறங்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நாலு பேருக்கு நாலு சமையல் முடித்து அம்மா உட்காரும்போது மணி ஒன்பதே முக்கால். அவர் தட்டில் விழுவது, குழந்தை கடித்து வைத்த பாதித் தோசையும் அடியில் மிச்சமிருக்கும் சட்னியும்தான்.

வேலை நாட்களில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. 'பிள்ளை பட்டினியாகப் படுக்கக் கூடாது' என்ற பயத்தில், கேட்டதைச் செய்துகொடுத்துவிடுகிறோம். அன்றைய ராத்திரி நிம்மதியாகக் கழிந்துவிடுகிறது. ஆனால், 'வேண்டாம் என்று சொன்னால் வேறு வரும்' என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. நாளடைவில் அது சாப்பிடும் பட்டியல் சுருங்குகிறது. உங்கள் சமையல் பட்டியல் நீள்கிறது.

இதற்கு வழி உண்டு. அடுப்பில் ஒரே சமையல். தேர்வு செய்யும் உரிமை மட்டும் அவரவர் தட்டில். அதை எப்படிச் செய்வது, என்ன சமைப்பது என்று பார்ப்போம்.

ஏன் இந்த அடம்?

'போன வருஷம்வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டானே' என்று சொல்லாத பெற்றோர் குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று கிலோ எடையில் பிறக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருடத்துக்கு சுமார் இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. நாம்தான் பழைய கணக்கிலேயே தட்டை நிரப்புகிறோம்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை, புதிய உணவைக் கண்டால் பயப்படுவதும் இயல்பு. நடக்கப் பழகிய குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க, இயற்கை போட்டுவைத்த பூட்டு இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பச்சையாக, கறுப்பாக, புதிய வாசனையோடு ஒன்று தட்டில் விழுந்தால் குழந்தை முதலில் சந்தேகப்படும். கசப்பும் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத் தூக்கலாகத் தெரியும். நமக்கு 'லேசான கசப்பு' என்று தோன்றும் கீரை, அவர்களுக்கு நிஜமாகவே கசக்கலாம்.

அடுத்தது, வாயில் படும் விதம். வெண்டைக்காயின் வழவழப்பு, கத்தரிக்காயின் குழைவு, பல்லில் மாட்டும் கடுகு, நாக்கில் ஒட்டும் கறிவேப்பிலை... ருசி பிடிக்காமல் ஒதுக்குவதைவிட இவற்றுக்காக ஒதுக்குவதே அதிகமாக இருக்கும். வெண்டைக்காய்ப் பொரியலை வேண்டாம் என்ற குழந்தை, அதையே மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தால் இன்னும் கேட்கும்.

'வெள்ளைச் சாப்பாடு' என்ற சிக்கல்

அடம்பிடிக்கும் குழந்தைகள் பலரும் சாப்பிடும் பட்டியலைக் கவனியுங்கள். வெள்ளைச் சாதம், தயிர், பால், தோசை, பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ். வயிறு நிறைந்துவிடும். ஆனால், இரும்புச்சத்து மிகக் குறைவு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேர். இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு வரும்; பசியும் மந்தமாகும். பசி மந்தமானால் இன்னும் குறைவாகச் சாப்பிடும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு கைப்பிடிக் கீரையும், பருப்பும், முட்டையும் தினசரிச் சாப்பாட்டுக்குள் வந்தாக வேண்டும்.

பால் நல்லதுதான். ஆனால், 'சாப்பிடாட்டி பாலாவது குடிக்கட்டும்' என்று டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் சாதத்துக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் தாராளம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. அவற்றில் உள்ள டானின், இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தாலோ, தக்காளி சேர்த்தாலோ இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

யார் வேலை எது?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் ஒரு வேலைப் பங்கீட்டைச் சொன்னார். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற மூன்றும் பெற்றோர் பொறுப்பு. பரிமாறியதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற இரண்டும் குழந்தையின் பொறுப்பு. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் பலரும் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழ். என்ன சமைப்பது என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று நாம் முடிவு செய்கிறோம். இதை நேராக்க ஐந்து வழிகள்:

- தட்டில் எப்போதும் குழந்தைக்குப் பழகிய ஓர் உணவு இருக்கட்டும். கூட்டாஞ்சோறு செய்கிறீர்களா, பக்கத்தில் அப்பளமோ தயிரோ வையுங்கள். புதியது பிடிக்காவிட்டாலும் பட்டினி இல்லை என்ற தைரியம் அதற்கு வரும்.

- புதியதை ஒரு டீஸ்பூன் அளவுக்கு மட்டும் வையுங்கள். 'சாப்பிடு' என்று சொல்ல வேண்டாம். தொட்டுப் பார்த்தாலும், முகர்ந்து பார்த்தாலும் அது ஒரு படிதான்.

- ஒரு தடவை துப்பியதை 'இவளுக்கு ஆகாது' என்று பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம். ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். வாரம் ஒருமுறை, சின்ன அளவில், வற்புறுத்தாமல் வைத்துக்கொண்டே இருங்கள்.

- காரம் சேர்க்கும் முன் பிரியுங்கள். பொதுவாகச் சமைத்து, குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். வேலை ஒன்றுதான், ருசி இரண்டு.

- 'கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்' என்ற பேரம் வேண்டாம். கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று குழந்தை மனதில் பதிந்துவிடும்.

ஒளித்து வைக்கலாமா?

கேரட்டை அரைத்து மாவில் கலப்பது, கீரையை மிக்ஸியில் அடித்து சப்பாத்திக்குள் மறைப்பது... செய்யலாமா? சத்து போய்ச் சேரும், தவறில்லை. ஆனால், மறைத்தே பழக்கினால் காய் என்றால் என்னவென்றே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடும். மாவில் கலந்த அன்றே, தட்டின் ஓரத்தில் இரண்டு கேரட் துண்டுகளையும் வையுங்கள். 'இதுல என்ன போட்டிருக்க?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஒருமுறை ஏமாற்றப்பட்ட குழந்தை, அடுத்த நாள் வெறும் தோசையையும் பிய்த்துப் பார்த்துத்தான் சாப்பிடும்.

பிடித்த உணவிலிருந்து பாலம் போடுவது இன்னும் நல்ல வழி. வெள்ளைத் தோசை மட்டும் பிடிக்குமா? மூன்று கப் மாவில் கால் கப் கேழ்வரகு மாவு கலந்து ஆரம்பியுங்கள். நிறம் பெரிதாக மாறாது. இரண்டு வாரம் கழித்து அரை கப், பிறகு ஒரு கப். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் பிடித்த குழந்தைக்கு அதே வறுவலில் சேனை, பிறகு வாழைக்காய், பிறகு பீட்ரூட் என்று மெல்ல நகரலாம்.

நிலாச்சோறு சொல்லித்தருவது

பாட்டி ஒரு பெரிய பாத்திரத்தில் சாதத்தைப் பிசைந்து, மொட்டைமாடியில் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் ஆளுக்கோர் உருண்டை வைத்த நாட்களில், 'எனக்கு இது வேணாம்' என்ற குரல் குறைவாகவே கேட்டது. காரணம் எளிது. எல்லோருக்கும் ஒரே சோறு, எல்லோரும் ஒன்றாக, பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இன்றும் இது நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான் மாறி மாறி வருகின்றன. வீட்டில் உப்புமா என்றாலே ஓடும் பிள்ளை, பள்ளியில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கூட்டத்துக்கு அந்தச் சக்தி உண்டு.

அதனால், இரவு ஒருவேளையாவது ஒன்றாக உட்காருங்கள். அம்மா பரிமாறிக்கொண்டே நிற்க வேண்டாம். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு அவரும் உட்காரட்டும். குழந்தை கற்றுக்கொள்வது நம் வாய்ச்சொல்லைவிட நம் தட்டைப் பார்த்துத்தான். அப்பா பாகற்காயை ஓரமாக ஒதுக்கினால், பிள்ளையிடம் 'எல்லாத்தையும் சாப்பிடணும்' என்று சொல்லிப் பயன் இல்லை.

செல்போனும் டி.வி-யும் இருபது நிமிடம் ஓய்வெடுக்கட்டும். வீடியோ பார்த்துக்கொண்டே வாய் திறக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததும் தெரியாது, எதைச் சாப்பிட்டோம் என்றும் தெரியாது. ஒரேயடியாக நிறுத்தினால் ரகளைதான். முதல் வாரம் இரவு உணவுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். பெரியவர்கள் போனும் சேர்த்து!

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வேலை நாளின் சமையல் எளிதாக வேண்டுமானால், ஞாயிறு அன்றே பாதி வேலையை முடித்து வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

- இட்லி மாவு அரைத்துப் புளிக்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

- சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கி அரைத்த தொக்கு ஒரு பாட்டில். சட்னிக்கும் ஆகும், பிரட்டலுக்கும் ஆகும்.

- முருங்கைக்கீரையை உருவி, ஈரம் இல்லாமல் துணியில் சுற்றி வையுங்கள். கீரை உருவுவது குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு. தான் உருவிய கீரை என்றால் ஒரு வாய் ருசிபார்க்க மனம் வரும்.

- வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வையுங்கள். முழுக்கடலை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம், பொடியே பாதுகாப்பு.

இனி, வாரத்தின் ஐந்து இரவுகள். எல்லா அளவுகளும் இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகளுக்கு.

திங்கள்: உங்கள் தோசை உங்கள் கையில்

தேவையானவை: இட்லி மாவு - 4 கப், துருவிய கேரட் - 1, பொடியாக நறுக்கிய வெங்காயம் - 2, முட்டை - 3, இட்லிப்பொடி, வறுத்த வேர்க்கடலைப் பொடி, நெய் அல்லது நல்லெண்ணெய் - தேவைக்கு.

செய்முறை: கேரட், வெங்காயம், அடித்த முட்டை, பொடிகள் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். ஒவ்வொருவரும் தன் தோசைக்கு மேலே இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்று பிடித்ததாகவே இருக்கலாம். தோசையை ஊற்றியதும், கேட்டதை மேலே தூவி, கரண்டியால் லேசாக அழுத்தி, மூடி போட்டு வேகவிடுங்கள். சூடான கல்லிடம் சின்னக் குழந்தை வர வேண்டாம். கிண்ணத்தைக் கைகாட்டினால் போதும். தாத்தாவுக்கு அதே மாவில், அதே கேரட் போட்டு எண்ணெய் இல்லாமல் இட்லி.

வாரத்தின் முதல் நாள் இதில் ஆரம்பிக்கக் காரணம் உண்டு. சர்க்கரை தொட்டுச் சாப்பிடும் குழந்தை, தானே தேர்ந்தெடுத்த தோசை என்ற பெருமையில் சர்க்கரையை மறக்க வாய்ப்பு அதிகம். மறக்கவில்லையா? இந்த வாரம் கால் ஸ்பூன் சர்க்கரை இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்: குக்கர் கூட்டாஞ்சோறு

நெல்லைப் பக்கத்து வீடுகளின் ஒரு பாத்திரச் சமையல். அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒன்றாகச் சேர்வதால் தனியே குழம்பு, பொரியல் வேலை இல்லை.

தேவையானவை: அரிசி - 1½ கப், துவரம்பருப்பு - ¾ கப், நறுக்கிய கேரட், உருளை, வாழைக்காய், கத்தரிக்காய் - எல்லாம் சேர்த்து 2 கப், முருங்கைக்கீரை - ஒரு கைப்பிடி, புளி - சின்ன நெல்லிக்காய் அளவு, மஞ்சள்தூள், உப்பு - தேவைக்கு. அரைக்க: தேங்காய்த் துருவல் - ½ கப், சீரகம் - 1 டீஸ்பூன், சின்ன வெங்காயம் - 6, பூண்டு - 3 பல். தாளிக்க: நெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய்.

செய்முறை: அரிசி, பருப்பைக் கழுவி, காய்கள், மஞ்சள்தூள், 6½ கப் தண்ணீர் சேர்த்து நான்கு விசில் விடுங்கள். ஆவி அடங்கியதும் திறந்து, புளிக்கரைசல், அரைத்த விழுது, உப்பு, கீரை சேர்த்து, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறுகினால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். இந்த நிலையில் குழந்தைக்கும் காரம் ஆகாத பெரியவர்களுக்கும் எடுத்து நெய் விடுங்கள். மீதியில் மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்துக் கொட்டுங்கள்.

தொட்டுக்கொள்ள அப்பளமும் தயிரும் போதும். காய்த் துண்டுகளைப் பொறுக்கி ஓரம் வைக்கும் குழந்தையா? பொறுக்கட்டும். பருப்பும் கீரையும் சேர்ந்த சாதம் உள்ளே போய்விட்டது. கத்தரிக்காய் மட்டும் பிரச்னை என்றால், அடுத்த முறை அதை இரண்டாகப் பிளந்து பெரிய துண்டாகப் போடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், வேண்டாதவர் எளிதாக ஒதுக்குவார்.

புதன்: கொத்து சப்பாத்தி

காலையோ முந்தைய நாளோ மிஞ்சிய சப்பாத்தி இருந்தால் இருபது நிமிடத்தில் முடியும்.

தேவையானவை: சப்பாத்தி - 8, வெங்காயம் - 2, தக்காளி - 2, பொடியாக நறுக்கிய முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய் - 1½ கப், முட்டை - 4, மிளகுத்தூள், உப்பு, எண்ணெய், கொத்தமல்லி.

செய்முறை: சப்பாத்தியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம். எண்ணெயில் வெங்காயம், தக்காளி, காய்களை வதக்கி, ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டை நன்றாக வெந்ததும் சப்பாத்தித் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கொத்திக் கொத்திப் பிரட்டுங்கள். குழந்தைகளுக்கு எடுத்த பிறகு மிளகுத்தூளையும் ஞாயிறு செய்த தொக்கையும் சேர்த்தால், பெரியவர்களுக்கு பரோட்டாக் கடை வாசனை வந்துவிடும்.

முட்டை சாப்பிடாத வீட்டில் 150 கிராம் பனீரை உதிர்த்துப் போடலாம். வேகவைத்த கொண்டைக்கடலையை லேசாக மசித்தும் சேர்க்கலாம்.

வியாழன்: கீரைப் பணியாரம்

வார நடுவில் மாவு லேசாகப் புளித்திருக்கும். பணியாரத்துக்கு அதுதான் சரியான பக்குவம்.

தேவையானவை: இட்லி மாவு - 4 கப், பொடியாக நறுக்கிய வெங்காயம் - 2, துருவிய கேரட் - 1, முருங்கைக்கீரை - ஒரு கைப்பிடி, கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, பச்சைமிளகாய், நல்லெண்ணெய்.

செய்முறை: கடுகு, பருப்புகளைத் தாளித்து, வெங்காயம், கேரட், கீரையை வதக்கி மாவில் கலந்துகொள்ளுங்கள். பாதி மாவைத் தனியே எடுத்து, அதில் மட்டும் பச்சைமிளகாயை நறுக்கிப் போடுங்கள். பணியாரக்கல்லின் ஒரு பக்கக் குழிகளில் காரம், மறுபக்கக் குழிகளில் காரம் இல்லாதது. ஒரே ஈடில் இரண்டும் வெந்துவிடும்.

கையில் எடுத்து ஒரே வாயில் போடும் அளவு என்பதால், ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவேன் என்ற குழந்தையும் தானே எடுக்கும். முதல் முறை கீரை நாலு இலை மட்டும் இருந்தால் போதும். பச்சை நிறம் கண்ணுக்குப் பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள தக்காளிச் சட்னி. தாத்தா பாட்டிக்கு மெத்தென்று இரண்டு பக்கமும் மிதமாக வேகவைத்து எடுங்கள்.

வெள்ளி: எலுமிச்சை சேமியா

நூடுல்ஸ் கேட்கும் பிள்ளைக்கு நம் பக்கத்துப் பதில் இது.

தேவையானவை: வறுத்த சேமியா - 2 கப், பட்டாணி, கேரட், பீன்ஸ் - 1½ கப், வெங்காயம் - 1, இஞ்சி - சிறு துண்டு, எலுமிச்சை - 1, வறுத்த வேர்க்கடலைப் பொடி - 4 டேபிள்ஸ்பூன், தாளிக்க கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு.

செய்முறை: தாளித்து, வெங்காயம், இஞ்சி, காய்களை வதக்குங்கள். 3½ கப் தண்ணீர், உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு, காய் முக்கால் பதம் வெந்ததும் சேமியாவைத் தூவிக் கிளறி, சிறு தீயில் மூடி வையுங்கள். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து எலுமிச்சை பிழிந்து, கடலைப்பொடி தூவி உதிர்த்துவிடுங்கள். பெரியவர்கள் ஊறுகாயோ காரச் சட்னியோ தொட்டுக்கொள்ளலாம்.

பட்டாணி, கேரட்டை எண்ணி எண்ணிச் சாப்பிடும் வயதில் உள்ள குழந்தை என்றால், 'உன் தட்டில் எத்தனை பச்சை, எத்தனை ஆரஞ்சு?' என்று கேளுங்கள். சாப்பிடச் சொல்லாமலேயே காய் பேச்சுக்குள் வந்துவிடும்.

ஆறு மணிப் பலகாரம்

மேலே சொன்ன எதுவுமே பலிக்காமல் போக ஒரு காரணம் போதும். அது, ட்யூஷன் முடிந்து ஏழு மணிக்கு வாங்கித் தரும் பிஸ்கட் பாக்கெட் அல்லது பப்ஸ். எட்டு மணிக்கு இரவு உணவு என்றால், மாலைப் பலகாரம் ஐந்தரை, ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். சுண்டல், வாழைப்பழம், பொட்டுக்கடலை உருண்டை, அவித்த சர்க்கரைவள்ளி என்று கொஞ்சமாக. அதன்பிறகு தண்ணீர் மட்டும். பசியோடு உட்காரும் குழந்தையின் அடம் பாதியாகக் குறையும்.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

சுலபமாக இருக்காது. முதல் மூன்று நாள் அழுகை, தட்டைத் தள்ளுவது, 'பாட்டி வீட்டுக்குப் போறேன்' என்ற மிரட்டல் எல்லாம் வரும். அப்போது எழுந்துபோய் வேறு சமைக்காதீர்கள். அதற்காகத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். தட்டில் இருக்கும் தயிரையோ அப்பளத்தையோ மட்டும் சாப்பிட்டு எழுந்தாலும் சரி. 'பசிச்சா தயிர் சாதம் இருக்கு' என்று ஒருமுறை சொன்னால் போதும். தினமும் அதே தயிர் சாதம்தான். புதிதாக எதுவும் வராது. ஆரோக்கியமான குழந்தை ஒரு ராத்திரி குறைவாகச் சாப்பிட்டால், அடுத்த வேளையில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு வேளைத் தட்டைப் பார்த்துக் கவலைப்படாமல், ஒரு வாரத்தில் என்னென்ன உள்ளே போனது என்று கணக்குப் பாருங்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அம்மா ஒன்று சொல்ல, அப்பா பிஸ்கட் நீட்ட, பாட்டி, 'பிள்ளை வாடிப்போச்சே' என்று கண் கலங்கினால் எந்தத் திட்டமும் மூன்றாவது நாள் முடிந்துபோகும். 'பாவம், ஒல்லியா இருக்கான்', 'இவ எதையும் சாப்பிட மாட்டா' என்ற பேச்சு குழந்தையின் காதுபட வேண்டாம். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே அது வேண்டாம் என்று சொல்லும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எல்லா அடமும் அடம் அல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

- மாதக்கணக்கில் எடை ஏறாமல் இருப்பது, அல்லது குறைவது.

- விழுங்கும்போது வலி, அடிக்கடி புரையேறுவது, வாந்தி.

- மண், சாக்பீஸ், சிலேட்டுக்குச்சி, பச்சரிசி தின்பது. இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

- தொடர்ந்த மலச்சிக்கல். வயிறு சுத்தமாகாத குழந்தைக்குப் பசி எடுக்காது.

- சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடுவது. ஒரு நிறம், ஒரு பிராண்ட், ஒரே தட்டு என்றால் மட்டுமே சாப்பிடுவது. பேச்சிலோ பழகுவதிலோ தாமதம் இருப்பது.

குடற்புழுவையும் மறக்க வேண்டாம். ஒரு வயது முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பூச்சி மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10. அதைத் தவறவிடாதீர்கள். பசி மருந்து, சத்துமாவு டானிக் என்று கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மருந்தும் டாக்டர் சொன்ன அளவில்தான்.

ஐந்து நாள் பட்டியலையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும் என்பதில்லை. இந்த வாரம் திங்கள் தோசையில் மட்டும் ஆரம்பியுங்கள். கிண்ணங்களை நடுவில் வையுங்கள், போன்களை அடுத்த அறையில் வையுங்கள், அம்மாவுக்கும் சேர்த்துத் தட்டு போடுங்கள். கடைசித் தோசையை அவரே ஊற்றிக்கொள்ள வேண்டாம். அதை அப்பா ஊற்றட்டும். வீட்டில் எல்லோரும் சூடாக, ஒன்றாகச் சாப்பிட்டு முடிக்கும்போது மணி எட்டரைதான் ஆகியிருக்கும்!